கல்கியின் மூன்று சரித்திர நாவல்கள்: எதிலிருந்து தொடங்குவது?

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியைப் படித்தே தீர்வது என்று முடிவு செய்தவர் அடுத்துக் கேட்பது, எந்த நாவலை முதலில் எடுப்பது என்பதைத்தான். யோசிக்காமல் 'பொன்னியின் செல்வன்' என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். 2022-லும் 2023-லும் அது திரைப்படமாக இரண்டு பகுதிகளில் வந்த பிறகு வேறு பதில் சொல்வாரே இல்லை. ஆனால் ஐந்து பாகங்களையும் ஆசையோடு வாங்கி, இரண்டாம் பாகத்தில் அடையாளத்துக்கு வைத்த பேருந்துச் சீட்டை அங்கேயே விட்டுவிட்டவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு வாசிப்புப் பழக்கம் போதாது என்று சொல்வதைவிட, தொடங்கிய இடம் அவர்களுக்கு ஏற்றதாக இல்லை என்று சொல்வதே பொருத்தம். 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'பொன்னியின் செல்வன்' ஆகிய மூன்றும் ஒருவரே எழுதியவை என்றாலும், அவை வாசகரிடம் கேட்கும் நேரமும் பொறுமையும் வேறு வேறு. பதிலுக்குத் தருவதும் வேறு வேறு.

மூன்றையும் எடை போடுவதற்கு முன், இவற்றை எழுதியவர் அடிப்படையில் ஒரு பத்திரிகையாளர் என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 1899-ல் மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்த கிருஷ்ணமூர்த்தி, ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுத் திருச்சியில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அதற்காகச் சிறைக்கும் போய்வந்தவர். 1923-ல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் உதவியாசிரியராகச் சேர்ந்தார். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு இருந்து 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகைக்காக உழைத்தார். அதன் பின் எஸ்.எஸ். வாசனின் 'ஆனந்த விகட'னில் ஆசிரியப் பொறுப்பேற்று, தலையங்கம், நகைச்சுவைக் கட்டுரை, சிறுகதை என்று வாராவாரம் எழுதித் தள்ளியதோடு, 'கர்நாடகம்' என்ற பெயரில் கச்சேரி விமரிசனமும் எழுதினார். 'கள்வனின் காதலி', 'தியாகபூமி' ஆகிய தொடர்கதைகள் அங்கே வந்தவைதாம். அவை இரண்டும் சமூகக் கதைகள். 1941-ல் விகடனை விட்டு விலகி, தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று திரும்பி, நண்பர் டி. சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' இதழைத் தொடங்கியபோது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. அந்த இதழுக்கு முதல் திரட்டுவதற்காகவே எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. கல்கியின் சரித்திர நாவல்கள் எல்லாம் இதற்குப் பிறகு, சொந்த இதழை நிலைநிறுத்த வேண்டிய கட்டாயத்தில், வாரந்தோறும் அச்சுக்கூடத்துக்குக் கொடுத்த அத்தியாயங்களாகப் பிறந்தவை.

அத்தியாய முடிவில் கதவு தட்டப்படுவதும், சென்ற வாரம் நடந்தது அடுத்த வாரம் இன்னொரு பாத்திரத்தின் வாய்மொழியாக மீண்டும் சொல்லப்படுவதும், 'நேயர்களே' என்று ஆசிரியரே குறுக்கே வந்து கல்வெட்டுச் செய்தி சொல்லிவிட்டுப் போவதும் தொடர்கதை எழுதியவரின் தொழில் முறைகள். ஒரே மூச்சில் நூறு பக்கம் படிப்பவருக்கு அவை அலுப்புத் தரும். நாளைக்கு இரண்டு அத்தியாயம் என்று படிப்பவருக்கு அவையே துணையாக நிற்கும். ஆகையால் எந்த நாவல் என்ற கேள்விக்குப் பதில் சொல்லுமுன், நீங்கள் எப்படிப் படிப்பவர் என்று திருப்பிக் கேட்பதே முறை.

அவருடைய பத்திரிகைத் தொழில் நடையோடு நின்றுவிடவில்லை, கதைப்பொருளிலும் இருக்கிறது. 1941-ல் தொடங்கிய 'பார்த்திபன் கனவு', பல்லவருக்குக் கப்பம் கட்ட மறுத்துப் போர்க்களத்தில் மாண்ட உறையூர்ச் சோழச் சிற்றரசன் ஒருவனின் மகன் சுதந்திர நாட்டை மீட்பதைச் சொல்வது; ஆங்கிலேயர் ஆட்சியில் அதைப் படித்தவர்கள் உறையூரை மட்டுமா நினைத்திருப்பார்கள்? 'சிவகாமியின் சபதம்' 1944-ல் தொடங்கியது. ஜப்பானியர் குண்டுக்கு அஞ்சிச் சென்னை நகரமே காலியான 1942-ஆம் ஆண்டை மறக்காத வாசகர்கள், காஞ்சிக் கோட்டைக் கதவுகள் சாத்தப்படுவதையும் குடிகள் வெளியேற்றப்படுவதையும் அதில் படித்தார்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் வந்தது. நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்த காலம் அது. நாவலோ, அரியணை யாருக்கு உரியது, தகுதியுள்ளவன் அதை விட்டுக்கொடுப்பது எப்படி என்ற கேள்வியையே சுற்றிச் சுழல்கிறது. ஆசிரியர் இப்படித் திட்டமிட்டுத்தான் எழுதினார் என்று நான் வாதிடவில்லை. அதே வாரத்துத் தலையங்கத்தையும் அதே பேனாவால் எழுதிய ஒருவர் நிகழ்காலத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுச் சோழ நாட்டுக்குள் நுழைந்திருக்க முடியாது என்பதே என் எண்ணம்.

முதலில் 'பார்த்திபன் கனவு'. மூன்றில் இதுவே சிறியது. அச்சில் ஏறக்குறைய நானூறு பக்கம், விடுமுறையில் ஒரு வாரம் போதும். பதின்ம வயதுப் பிள்ளை ஒருவருக்கு முதன்முதலாகச் சரித்திர நாவல் வாங்கிக் கொடுக்க நினைக்கும் பெற்றோர் தயங்காமல் இதை வாங்கலாம். காவிரியில் படகு தள்ளும் பொன்னன், அவன் மனைவி வள்ளி, நாடு கடத்தப்பட்டு இரத்தின வியாபாரியாகத் திரும்பும் இளவரசன் விக்கிரமன், எங்கிருந்தோ வந்து எல்லோரையும் காக்கும் சிவனடியார் என்று பாத்திரங்கள் குறைவு; யார் யாருக்கு என்ன உறவு என்று தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. போருக்குப் புறப்படுமுன் பார்த்திபன் தன் மகனைச் சித்திர மண்டபத்துக்கு அழைத்துப் போய், சோழ நாடு எப்படியெல்லாம் விளங்க வேண்டும் என்று தான் கண்ட கனவுகளைத் தானே தீட்டி வைத்திருக்கும் ஓவியங்களை ஒன்றன் பின் ஒன்றாகக் காட்டும் இடம் ஒன்று போதும், இந்த நாவல் ஏன் நினைவில் நிற்கிறது என்பதற்கு. புலிக்கொடி தாங்கிய கப்பல்கள் கடலில் செல்லும் அந்தச் சித்திரங்களுக்கும், கப்பம் கட்டும் சின்னஞ்சிறு உறையூருக்கும் இடையிலுள்ள தூரம்தான் கதை முழுதும்.

இதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். தற்செயல் நிகழ்ச்சிகளை நம்பியே கதை நகர்கிறது. வேண்டிய நேரத்தில் வேண்டியவர் வந்து நிற்பார். சிவனடியார் யார் என்பதை ஓரளவு பழகிய வாசகர் பாதிக்கு முன்பே ஊகித்துவிடுவார். சரித்திர ஆதாரமும் மெலிவு. நரசிம்ம பல்லவர் உண்மை. ஏழாம் நூற்றாண்டில் சோழர் ஒடுங்கிக் கிடந்ததும் உண்மை. பார்த்திபனும் விக்கிரமனும் முற்றிலும் கற்பனை. சரித்திரம் தெரிந்துகொள்ளவே நாவல் படிக்கிறேன் என்பவருக்கு இதில் கிடைப்பது சொற்பம்.

'சிவகாமியின் சபதம்' எழுதப்பட்டது பின்னால், கதை நடப்பது முன்னால். 'பார்த்திபன் கனவி'ல் முதிர்ந்த சக்கரவர்த்தியாக வரும் நரசிம்மர் இதில் இளவரசர் மாமல்லர். எந்த வரிசையில் படிப்பது என்ற வழக்கு இங்கேதான் எழுகிறது. கால வரிசைப்படி 'சபத'த்தை முதலில் படித்துவிட்டால், 'பார்த்திபன் கனவி'ல் வரும் ஒற்றைக்கைக் கபாலிகர் யார் என்ற மர்மம் மர்மமாக இராது. எழுதிய வரிசைப்படி 'கனவை' முதலில் படித்தால், மாமல்லர் சளுக்கர் தலைநகரான வாதாபியை வென்றார், வேறொரு பெண்ணை மணந்து மக்களைப் பெற்றார் என்பது தெரிந்துவிடும். சிவகாமியின் காதல் என்ன ஆகும் என்ற தவிப்புக்கு இடமில்லை. இரண்டில் எது பெரிய இழப்பு? முதலாவதுதான் என்று நினைக்கிறேன். 'கனவு' மர்மத்தை நம்பி நிற்கும் கதை, அது உடைந்தால் மிஞ்சுவது கொஞ்சம். 'சபத'மோ முடிவு தெரிந்த பின்னும் குன்றாதது. நான்காம் பாகத்துக்கு 'சிதைந்த கனவு' என்று ஆசிரியரே பெயர் வைத்துவிட்ட பிறகு முடிவை ஒளித்து வைக்க என்ன இருக்கிறது? ஆகவே இரண்டையும் படிக்கப் போகிறவர்கள் எழுதிய வரிசையிலேயே படிக்கலாம். ஒன்றே ஒன்றைத்தான் படிப்பேன் என்பவர் 'சபத'த்தை எடுக்க வேண்டும். மூன்று நாவல்களுக்கும் பொதுவாகக் கேட்டாலும் என் பதில் அதுதான். அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, கட்டுக்கோப்பு. நான்கு பாகங்கள், ஆயிரம் பக்கத்தை ஒட்டிய நீளம். ஆனால் எந்தப் பக்கத்தில் நின்றாலும் கதை எங்கே போகிறது என்ற திசை தெரியும். காஞ்சிக்கு முதன்முறையாக வரும் பரஞ்சோதி, மதம் பிடித்த யானை ஒரு சிவிகையை நோக்கிப் பாய்வதைக் கண்டு வேலை எறிகிறான். சிவிகையில் இருந்தவர்கள் சிற்பி ஆயனரும் மகள் சிவகாமியும். அன்று சிவகாமியின் நடன அரங்கேற்றம். சளுக்கர் படையெடுத்து வரும் செய்தியால் அது பாதியில் நிற்கிறது. கலைக்கும் போருக்கும் இடையே நடக்கப்போகும் இழுபறியை இவ்வளவு சுருக்கமாகத் தொடங்கி வைத்த வேறு இடம் கல்கியிடம் இல்லை. பாதியில் நின்ற அந்த ஆட்டத்துக்கு ஈடாக, கடைசியில் ஏகாம்பரநாதர் சந்நிதியில், 'முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்' என்ற அப்பர் பாடலுக்கு அவள் ஆடுகிறாள். 'தலைப்பட்டாள் நங்கை தலைவன் தாளே' என்று முடியும் அந்தத் திருத்தாண்டகம், தேவாரத்தைக் கோயிலில் மட்டும் கேட்டுப் பழகியவர்களுக்கும் இந்த இடத்தில் வேறு விதமாகக் கேட்கும்.

இரண்டாவது, மகேந்திர பல்லவர். வீரத்தைவிட மூளையை நம்பும் அரசர், மாறுவேடப் பிரியர், எதிரிக்குப் போகும் ஓலையை வழியிலேயே மாற்றிவிடுபவர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமையோடு சொல்லிக்கொண்டவரும், 'மத்தவிலாசம்' என்ற அங்கத நாடகம் எழுதியவருமான அந்த உண்மை மகேந்திரரை இதைவிட உயிரோடு யாரும் காட்டியதில்லை. அவ்வளவு புத்திசாலியான மனிதர் கலைஞனின் பெருமிதத்தால் ஒரே ஒரு தவறு செய்கிறார். சளுக்க அரசன் புலிகேசியைக் கோட்டைக்குள் விருந்தினராக அழைக்கிறார். அதன் விலையைக் கொடுப்பவர்கள் சிற்பிகளும் சிவகாமியும். வாதாபியில் சிறைப்பட்ட அவள் இடும் சபதம் நிறைவேற ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நிறைவேறும்போது அதனால் யாருக்கும் நன்மை இல்லை. வெற்றியைக் கொண்டாடாத போர் நாவல் ஒன்றைத் தேசிய எழுச்சி உச்சத்திலிருந்த காலத்தில் அவர் எழுதியிருக்கிறார்.

மூன்றாவது, சரித்திரம் கதைக்குக் கிட்ட நிற்பது. வாதாபிப் படையெடுப்பு நடந்தது. 642-ஐ ஒட்டி அந்நகரம் பல்லவர் கையில் விழுந்தது. வாதாபியைத் துகளாக்கிய பரஞ்சோதியே பின்னாளில் சிறுத்தொண்டர் ஆனார் என்பதைப் பெரியபுராணம் சொல்கிறது. சிவகாமியும் ஆயனரும் புத்த பிட்சு நாகநந்தியும்தான் கற்பனை. இதற்கும் குறை உண்டு: மூன்றாம் பாகத்தில் நாகநந்தியின் புலம்பல் நீள்கிறது, ஒற்றர் வேலை அளவுக்கு மீறி வெற்றி பெறுகிறது. மகிழ்ச்சியான முடிவை விரும்புகிறவர்களுக்கு இது ஆகாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

'பொன்னியின் செல்வ'னைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். நுழைவாயில் என்று பார்த்தால் தமிழில் அதன் முதல் அத்தியாயத்துக்கு இணை சொல்வது கடினம். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான் வந்தியத்தேவன். எழுபத்து நான்கு கணவாய்களிலிருந்து (மதகுகளிலிருந்து) நீர் பாய்வதைக் கண்டு வியக்கிறான். கரையில் மக்கள் குடும்பத்தோடு சித்திரான்னம் உண்டு களிக்கிறார்கள். சற்று நேரத்தில் பழுவேட்டரையரின் படகுகளும் காவலர்களும் வர, கரையின் கலகலப்பு அடங்கிவிடுகிறது. பாசனம், பண்டிகை, அதிகாரத்தின் மீது மக்களுக்குள்ள அச்சம் ஆகிய மூன்றும் சில பக்கங்களுக்குள் வந்துவிட்டன. அரசியல் விளக்கமாக ஒரு வரிகூட எழுதவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதிப் பழகிய நிருபரின் கண் இது.

இந்நாவலின் செல்வம் மனிதர்கள். குந்தவை, நந்தினி, பூங்குழலி, மந்தாகினி, வானதி என்று பெண்களே கதையை நடத்துகிறார்கள். பெயருக்குரியவரான அருள்மொழிவர்மர் கதைக்குள் வர இரண்டாம் பாகம் ஆகிறது. அவரைப் பற்றி மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே நாம் காத்திருக்கிறோம். நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாற்றையும் சதாசிவ பண்டாரத்தாரின் நூலையும் செப்பேடுகளையும் துணைக்கொண்டு, ஓவியர் மணியத்தோடு இலங்கைக்கும் சென்று பார்த்து எழுதியது இது. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலை உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற பெயர்களைத் துரோகிகளாகக் குறித்து, அவர்களுடைய உறவினரின் நிலங்கள் வரை பறிமுதல் ஆன கதையைச் சொல்லும் ஆவணம் அது. கொலைக்குக் காரணம் என்ன, பின்னால் யார் இருந்தார்கள் என்பதைக் கல்வெட்டு சொல்லாததால், அந்த இருட்டுக்குள்தான் கல்கி தம் நாவலைக் கட்டினார். யார் குத்தியது என்பதை அவரும் முடிவாகச் சொல்லாமல் விட்டது சாமர்த்தியம்.

ஆனால் 293 அத்தியாயங்கள். மூன்றாம் நான்காம் பாகங்களில் சுரங்க வழிகளும் ஒட்டுக்கேட்டல்களும் வந்தவை மீண்டும் வருகின்றன. கடம்பூர் மாளிகையில் முதல் பாகத்தில் நம்மைத் திடுக்கிட வைத்த நள்ளிரவுச் சதிக்கூட்டம், அதன் சாயல்களை நாலைந்து முறை பார்த்த பிறகு வலுவிழக்கிறது. மூன்றரை ஆண்டுகள் வாரம் ஒரு முறை படித்தவர்களுக்கு இது உறுத்தியிராது. தினம் ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் பத்து மாதம் ஆகும். இதைப் படிக்க உகந்த வேகமும் அதுதான். பேருந்திலோ ரயிலிலோ நாள்தோறும் ஒரே நேரத்தில் பயணம் செய்கிறவர்களுக்கும், இரவு உணவுக்குப் பின் வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கும் வழக்கமுள்ளவர்களுக்கும் முதல் தேர்வு 'பொன்னியின் செல்வ'னே. ஒலிநூலாகக் கேட்பதற்கும் மூன்றில் இதுவே ஏற்றது, ஏனென்றால் உரையாடலே மிகுதி. வார இறுதியில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை முடித்துவிட்டு எழுகிற பழக்கம் உடையவர்கள் இதில் தொடங்க வேண்டாம்.

படம் பார்த்தாயிற்று, புத்தகம் எதற்கு என்பவர்களுக்கு ஒரு செய்தி: மணிமேகலை என்ற பாத்திரமே திரையில் இல்லை. வந்தியத்தேவனின் நண்பன் கண்டமாறனின் தங்கையான அந்தப் பேதைப் பெண்ணுக்காகத்தான் ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கங்களைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இம்மூன்றும் வேண்டாம், சிறிதாக ஏதாவது சுவைத்துப் பார்க்கிறேன் என்பவர்களுக்கு 'சோலைமலை இளவரசி' இருக்கிறது. 1942 போராட்டத்தில் தலைமறைவான இளைஞன் ஒருவனையும், அவனுக்கு நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அரச குலத்துக் காதல் ஒன்றையும் இணைக்கும் குறுநாவல் அது. ஒரு மாலையில் முடியும். ஆனால் அதை வைத்துக் கல்கியை அளக்கக் கூடாது. 'அலை ஓசை' சாகித்திய அகாடமி விருது பெற்றது என்பதால் சிலர் அதைப் பரிந்துரைப்பார்கள். விருது 1956-ல், அவர் மறைந்து இரண்டாண்டு கழித்து வந்தது. தேசப் பிரிவினையைப் பின்னணியாகக் கொண்ட சமூக நாவலாகிய அது, சரித்திர நாவல் தேடி வருகிறவர்க்கு இரண்டாம் சுற்றில் படிக்க வேண்டியது.

எதைத் தேர்ந்தாலும், பதிப்பைப் பார்த்து வாங்க வேண்டும். கல்கியின் எழுத்துகள் அவருடைய நூற்றாண்டை ஒட்டித் தமிழக அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டன. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் விலை குறைந்தது, பதிப்புகள் பெருகின. இணையத்தில் மதுரைத் திட்டத்தின் மின்னுரையாக இலவசமாகவும் கிடைக்கிறது. ஐந்து பாகத்தையும் ஒரே தொகுதியாகக் கட்டி, பொடி எழுத்தில், உட்பக்க விளிம்பு இல்லாமல் அடித்த மலிவுப் பதிப்பைப் பிரித்து வைத்துப் படிப்பது கைக்கும் கண்ணுக்கும் தண்டனை. பாகம் பாகமாக வரும் பதிப்பே வசதி. கடையில் நின்றபடியே பார்க்க வேண்டியவை இரண்டு. 'சுருக்கம்' என்ற சொல் அட்டையில் எங்கேனும் சிறிதாக ஒளிந்திருக்கிறதா என்பது ஒன்று. 'பொன்னியின் செல்வன்' ஆனால், ஐந்தாம் பாகத்தின் இறுதியில் ஆசிரியரின் முடிவுரை இருக்கிறதா என்பது மற்றொன்று. கதை சட்டென்று முடிந்துவிட்டது என்று குறைப்பட்ட வாசகர்களுக்குப் பதிலாக, பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று கல்கி அதில் எழுதியிருக்கிறார். அது இல்லாத பிரதியை அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடலாம்.